சிலிண்டர் ஹெட்டும் சுதேசித் திறமையும்

ஒரு தேசத்தின் கைத்தொழில் வளர்ச்சியைக் கணக்கிடப் புகுவோர், அத்தேசம் ஆண்டொன்றுக்கு எத்தனை மோட்டார் வண்டிகளை உற்பத்தி செய்கிறது, எத்தனை டன் எஃகு வார்க்கிறது என்பவற்றையே எண்ணிப் பார்ப்பது வழக்கம். செய்த யந்திரம் பழுதுபட்டபோது அதைச் சீர்படுத்தி மீண்டும் ஓட்டும் திறமை அத்தேசத்தாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுப்போர் அரியர். புதிதாக ஒன்றைச் செய்வதற்கு மூலதனமும் தொழிற்சாலையும் வேண்டும். பழுதானதைச் சீர்படுத்துவதற்கோ, அது ஏன் பழுதாயிற்று என்று அறியும் அறிவு வேண்டும். இவ்விரண்டில் பின்னது முன்னதற்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இன்று இதற்கு உதாரணமாக நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் மோட்டார் எஞ்சினின் சிலிண்டர் ஹெட். அரசியல் விஷயங்களில் ஈடுபட்டுள்ள வாசகர்களுக்கு, எண்ணெய்க் கறை படிந்த இப்பொருளில் என்ன அக்கறை இருக்க முடியும் என்று தோன்றக் கூடும். லாரி ஓட்டிப் பிழைப்பவரும், டீஸல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைப்பவரும், பழைய கார் ஒன்றை வாடகைக்கு விடுபவரும் என்றேனும் ஒரு நாள் இந்த ஹெட்டைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே, "இதைச் சீர்படுத்தலாம்" என்று சொல்வதா, "இதை எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று சொல்வதா என்பது சில அளவுகளைப் பொறுத்திருக்கிறது. அந்த அளவுகளை அறிந்துகொள்ளும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வி, பட்டறையின் வாசலைத் தாண்டிப் பொதுவாழ்வுக்குள் வந்துவிட்ட கேள்வியாகும்.

ஹெட் தாங்கும் பாரம்

சிலிண்டர்களின் மேல்வாயை மூடி நிற்கும் உலோக வார்ப்பே ஹெட் எனப்படுவது. காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் வழியும், எரிந்த புகை வெளியேறும் வழியும், அவ்வழிகளைத் திறந்து மூடும் வால்வுகளும், உஷ்ணத்தை வாங்கிச் செல்லும் தண்ணீர்ப் பாதைகளும் பெரும்பாலான எஞ்சின்களில் இதனுள்ளேயே அமைந்திருக்கின்றன. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்று ஓடுமாயின், ஒவ்வொரு வால்வும் ஒரு விநாடியில் 25 தடவை திறந்து மூடுகிறது. புகை வெளியேறும் வால்வின் முகம் செந்தணலாகக் காயும். அது மூடியிருக்கும் கணத்தில் தன் உஷ்ணத்தின் பெரும் பகுதியைத் தான் உட்காரும் 'சீட்' என்ற வளையத்தின் வழியாகவே ஹெட்டுக்குக் கொடுத்து ஆறுகிறது. வால்வு சீட்டில் சரியாக உட்காராவிட்டால் அமுக்கம் கசிவதோடு, ஆறுவதற்கு வழியின்றி வால்வே கருகிப் போகிறது.

இதற்கு மேல் எரியும் வாயுவின் உந்துதல். 73 மில்லி மீட்டர் விட்டமுள்ள சிலிண்டர் ஒன்றில், சதுர சென்டி மீட்டருக்கு 40 கிலோ அமுக்கம் உண்டாவதாக வைத்துக்கொண்டால், ஹெட்டைத் தூக்கி எறிய முயலும் வேகம் ஒன்றரை டன்னுக்கு மேல் ஆகிறது. இதைத் தடுத்து நிற்பவை சில போல்ட்டுகளும், ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் இடையே வைக்கும் மெல்லிய கேஸ்கட்டுமேயாம். இரண்டு முகங்களும் சமதளமாக இருக்கும் வரையில்தான் கேஸ்கட் தன் கடமையைச் செய்யும்.

அச்சமதளத்துக்கு முதல் சத்துரு, மிதமிஞ்சிய உஷ்ணம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்ததைக் கவனியாமல் ஓட்டிய பத்து நிமிஷம் போதும். 400 மில்லி மீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட், 80 டிகிரி சென்டிகிரேட் கூடுதலாகக் காயும்போது முக்கால் மில்லி மீட்டர் அளவுக்கு நீள முற்படுகிறது. அதே நீளமுள்ள வார்ப்பிரும்பு ஏறக்குறைய அதில் பாதியே நீளும். வார்ப்பிரும்புப் பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட்டைப் போல்ட்டுகளால் இறுக்கியிருக்கும்போது, நீள இடமின்றி அது வளைகிறது. வார்ப்பிரும்பு ஹெட் அவ்வளவு எளிதில் வளைவதில்லை. ஆனால் கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றும் அவசரக்காரர் கையில் அது விரிசல் விடுகிறது.

ஒரு ஹெட்டின் சரித்திரம்

நம் நாட்டார் அனைவரும் அறிந்த அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவி, வங்காளத்தில் உத்தரபாராவிலுள்ள தொழிற்சாலையில் 1957இல் தொடங்கி 2014 வரையில் அது உற்பத்தி செய்யப்பட்டது. முதலில் வந்த வண்டிகளில் வால்வுகள் பிளாக்கிலேயே இருந்தன. ஹெட் வெறும் மூடியாகவே இருந்தது. 1959இல் வந்த 1,489 கன சென்டி மீட்டர் எஞ்சினில் எட்டு வால்வுகளும் ஹெட்டுக்குள் ஏறின. அன்று முதல் ஹெட்டைப் பழுதுபார்ப்பது தனித் தொழிலாயிற்று. தெருக்கோடிப் பட்டறைகள்கூட அதைக் கற்றன.

அந்த எஞ்சினின் ஹெட் வார்ப்பிரும்பால் ஆனது. வால்வு உட்காரும் சீட்டுகளுக்குத் தனி வளையம் கிடையாது. ஹெட்டின் இரும்பிலேயே அவை கடையப்பட்டிருந்தன. மெதுவான இரும்பாயினும் அது ஆண்டுக்கணக்கில் தேயாமல் இருந்ததற்கு ஒரு மறைவான காரணம் இருந்தது. பெட்ரோலில் கலந்திருந்த ஈயமே அது. எஞ்சினில் 'தட்டல்' ஓசையை நிறுத்துவதற்காக 1923 முதல் அமெரிக்காவில் பெட்ரோலில் ஈயக் கலவை சேர்த்து விற்கத் தொடங்கினார்கள். அக்கலவையைத் தயாரித்த தொழிலாளர்கள் 1924இலேயே விஷமேறி மாண்டனர். இருந்தும் அது உலகெங்கும் பரவியது. எரிந்த ஈயம் சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து தேய்மானத்தைத் தடுத்தது. அதே ஈயம் வீதியில் காற்றோடு கலந்து, குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது.

ஈயம் ஒழிய வேண்டியதாயிற்று. இந்தியா முழுவதிலும் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நிறுத்தப்பட்டது. 2021இல் கடைசியாக அல்ஜீரியாவும் அதை நிறுத்தியபோது, உலகெங்கும் மோட்டார் வண்டிகளுக்கு அவ்விஷம் ஊற்றுவது முடிவுற்றது. அப்படியாயின், ஈயத்தின் தயவில் பிழைத்திருந்த பழைய ஹெட்டுகளின் கதி என்ன? அவற்றையெல்லாம் உடைத்து உலையில் போட வேண்டியிருக்கவில்லை. தேய்ந்த சீட்டைக் கடைந்தெடுத்து, அந்த இடத்தில் கடினமான உலோகத்தாலான வளையத்தைப் பொருத்தினால், ஈயமில்லாத பெட்ரோலிலும் அதே ஹெட் உழைக்கும். இதைச் செய்வதற்குப் பெரிய தொழிற்சாலை வேண்டியதில்லை. கை தேர்ந்த தொழிலாளி ஒருவர் உள்ள பட்டறை போதும். சுத்தமான எரிபொருளுக்கும் பழைய எஞ்சினுக்கும் இடையே பாலம் அமைத்தது அப்பட்டறைதான்.

அதே குலத்தைச் சேர்ந்த எஞ்சின்கள் கடலுக்கு அப்பால் நம்மவரிடையே வேறொரு சோதனைக்கு உள்ளாயின. யாழ்ப்பாணத்தில் 1990 முதல் பல ஆண்டுகள் பொருளாதாரத் தடை நிலவியபோது, பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. அங்கே ஆஸ்டின், மாரிஸ் ஆகிய பழைய ஆங்கிலேயக் கார்களைச் சில துளிப் பெட்ரோலால் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். நோயாளிகளையும் பிரயாணிகளையும் சுமந்து அவை ஓடின. இது சாத்தியமானதற்குக் காரணம் ஹெட்டிலேயே இருக்கிறது. அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் 7ஐ ஒட்டியது. அதிக அமுக்கமுள்ள நவீன எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் தட்டல் எடுத்துப் பிஸ்டனே உடையும். ஆனால் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாமல் எரிவதால் வால்வுகளிலும் அறைகளிலும் கரியை அப்புகிறது. அடிக்கடி ஹெட்டைக் கழற்றிக் கரி நீக்கி, வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்கும் கைகள் இல்லாதிருந்தால் அவ்வண்டிகள் நெடுநாள் ஓடியிருக்க முடியாது. முற்றுகைக் காலத்தில் புதிய ஹெட் கப்பலில் வந்து இறங்குவதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

உடைந்த இரும்பு மாண்ட இரும்பு அன்று

விரிசல் விட்ட வார்ப்பிரும்பு இனி உதவாது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. இதைப் பொய்யாக்கிய ஒரு சம்பவம் முதல் உலக யுத்தத்தில் நடந்தது. 1914இல் யுத்தம் மூண்டதும், ஜெர்மானியக் கப்பல்கள் பல அமெரிக்கத் துறைமுகங்களில் ஒதுங்கி நின்றன. 1917இல் அமெரிக்காவும் யுத்தத்தில் இறங்கியபோது, தம் கப்பல்கள் எதிரிக்குப் பயன்படலாகாது என்று அவற்றின் மாலுமிகள் எஞ்சின்களின் வார்ப்பிரும்புச் சிலிண்டர்களை உடைத்து வைத்திருந்தார்கள். அவை நீராவி எஞ்சின்கள். சிலிண்டர்கள் மிகப் பெரியவை. புதிதாக வார்த்துப் பொருத்துவதென்றால் நெடுங்காலம் ஆகும், யுத்தமோ காத்திருக்காது. அமெரிக்கக் கடற்படைப் பொறியாளர்கள் அப்போது புதிதாக இருந்த மின்சார வெல்டிங் முறையைத் துணிந்து கையாண்டு, உடைந்த சிலிண்டர்களைக் கப்பலிலேயே ஒட்டினார்கள். சில மாதங்களுக்குள் அக்கப்பல்கள் அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு பிரான்சுக்குப் புறப்பட்டன. உடைத்தவர்களுக்கு இரும்பின் பலவீனம் தெரிந்திருந்தது. ஒட்டியவர்களுக்கு அதன் இயல்பு முழுவதும் தெரிந்திருந்தது.

இன்று அம்முறைகள் மேலும் திருந்தியுள்ளன. வார்ப்பிரும்பு ஹெட்டை முழுவதும் சூடாக்கி வெல்டிங் செய்து, மெல்ல மெல்ல ஆறவிடுகிறார்கள். அவசரமாக ஆறினால் பக்கத்திலேயே புது விரிசல் பிறக்கும். சூடே காட்டாமல், விரிசல் நெடுகத் துளையிட்டு, மரையிட்ட ஆணிகளை ஒன்றோடொன்று கவ்வும்படி முறுக்கித் தையல்போல மூடும் முறையும் உண்டு. அலுமினியத்தை ஆர்கான் வாயுவின் பாதுகாப்பில் வெல்டிங் செய்கிறார்கள்.

பட்டறையில் நடக்க வேண்டியது

நல்ல பட்டறை எது, போலிப் பட்டறை எது என்று வாசகர்கள் இனம் காண வேண்டுமாயின், வேலை நடக்க வேண்டிய வரிசையை அறிந்திருப்பது நலம். முதலில் ஹெட்டை முற்றும் கழற்றிக் கரியும் துருவும் நீங்கச் சுத்தம் செய்ய வேண்டும். அடுத்தது பரீட்சை. தண்ணீர்ப் பாதைகளின் வாய்களைத் தகடுகளால் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்தினால், கண்ணுக்குத் தெரியாத விரிசலும் குமிழி விட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெந்நீர் ஏனெனில், சில விரிசல்கள் உலோகம் காய்ந்து விரியும்போதுதான் வாய் திறக்கின்றன. வார்ப்பிரும்பாயின் காந்தத் தூளாலும், காந்தம் பற்றாத அலுமினியமாயின் ஊடுருவும் சாயத்தாலும் விரிசலின் நீளத்தை அறியலாம். இப்பரீட்சை முடியுமுன் ஒரு காசுகூட அந்த ஹெட்டின் மேல் செலவிடலாகாது.

பிறகு, வளைவை அளக்க வேண்டும். நேர்சட்டத்தை ஹெட்டின் முகத்தில் நீளவாட்டிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையாகவும் வைத்து, இடுக்கில் மெல்லிய தகட்டு அளவுகோலை நுழைத்துப் பார்க்கிறார்கள். சிறிய எஞ்சின்களில் பலவற்றுக்கு 0.05 மில்லி மீட்டர் வளைவு வரையில்தான் மன்னிப்பு உண்டு. தலைமயிரின் கனத்தைவிடச் சிறிய அளவு அது. கேம் ஷாப்ட் ஹெட்டின் மேலேயே சுழலும் எஞ்சினாயின் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஹெட் வளையும்போது கீழ்முகம் மட்டும் வளைவதில்லை. கேம் ஷாப்ட் சுழலும் துளைகளின் வரிசையும் கூடவே வளைகிறது. கீழ்முகத்தை மட்டும் சீவிச் சமமாக்கினால், கேம் ஷாப்ட் வளைந்த பாதையில் இறுகிச் சுழன்று, ஒரு நாள் முறிந்து போகும். அத்தகைய ஹெட்டை முதலில் சூடுகாட்டி நிமிர்த்தி, அதன் பிறகே சீவ வேண்டும்.

அடுத்து, வால்வின் தண்டு ஏறியிறங்கும் 'கைடு' என்ற குழல். இது தேய்ந்தால் வால்வு ஆடும். எண்ணெய் உள்ளே கசிந்து நீலப் புகை கிளம்பும். கைடைச் சீர்படுத்திய பின்னரே சீட்டைக் கடைய வேண்டும். ஏனெனில் சீட்டைக் கடையும் கருவி கைடின் துளையையே ஆதாரமாகக் கொண்டு சுழல்கிறது. ஆதாரம் கோணினால் சீட்டும் கோணும். சீட்டைப் பெரும்பாலும் 45 டிகிரிச் சாய்வில் கடைந்து, அதன் மேலும் கீழும் வேறு சாய்வுகளில் ஒதுக்கி, வால்வு தொடும் பட்டை ஒன்றரை அல்லது இரண்டு மில்லி மீட்டர் அகலமே இருக்கும்படி செய்கிறார்கள். பட்டை மிகக் குறுகினால் உஷ்ணம் இறங்காது. மிக அகன்றால் கரி சிக்கிக் கசியும். ஸ்பிரிங்குகளின் உயரமும் விறைப்பும் அளக்கப்பட வேண்டும். கடைசியில் வால்வுகளைப் பொருத்தி, துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஒரு சொட்டும் கசியவில்லை என்று கண்ட பிறகே வேலை முடிந்ததாகும்.

அளக்காத பட்டறை

இவ்வளவும் செய்யாமல், ஹெட்டை வாங்கியதும் நேரே அரைக்கும் யந்திரத்தில் ஏற்றிப் பளபளவென்று சீவிக் கொடுத்துவிடும் பட்டறைகள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. முகம் கண்ணாடிபோல் மின்னுவதைக் கண்டு வண்டிக்காரரும் மகிழ்ந்து போகிறார். அந்த மினுமினுப்பு எதைத் தின்றது என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

சிறிய கணக்கு ஒன்று இதை விளக்கும். ஒரு சிலிண்டரில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 400 கன சென்டி மீட்டர் என்றும், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது மிஞ்சும் அறை 50 கன சென்டி மீட்டர் என்றும் கொள்வோம். அமுக்க விகிதம் 9. அறையின் வாய்ப் பரப்பு 40 சதுர சென்டி மீட்டராயின், ஹெட்டை 0.4 மில்லி மீட்டர் சீவினால் அறை 1.6 கன சென்டி மீட்டர் குறைகிறது. இப்படி மூன்று முறை சீவினால் 4.8 குறைந்து, விகிதம் 9.8க்கு மேல் போய்விடும். எஞ்சின் தட்டல் எடுக்கும், அதிகமாகக் காயும், மீண்டும் ஹெட் வளையும், மீண்டும் அதே பட்டறைக்கு வரும். டீஸல் எஞ்சினில் நிலைமை இன்னும் மோசம். அங்கே பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே உள்ள இடைவெளி மிகச் சிறிது. அளவுக்கு மிஞ்சிச் சீவினால் வால்வு பிஸ்டனில் மோதும். ஆகவேதான் சில டீஸல் ஹெட்டுகளைச் சீவவே கூடாதென்று அவற்றைச் செய்தவர்கள் விதித்திருக்கிறார்கள்.

ஆனால் குறைந்தபட்ச உயரம் எவ்வளவு, எத்தனை சீவலாம், சீவவே கூடாத ஹெட் எது என்ற விவரங்கள் அப்பட்டறைக்காரருக்குக் கிடைத்தனவா என்று நாம் கேட்க வேண்டும். கிடைத்தும் அளக்காதவர் குற்றவாளி. கிடைக்காமல் ஊகத்தால் வேலை செய்பவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

ஓர் ஆட்சேபம்

பழைய எஞ்சின்கள் புகையைக் கக்கி ஊரைக் கெடுக்கின்றன. அவற்றை உயிர்ப்பித்துக்கொண்டிருப்பது பொதுநலத்துக்கு விரோதமல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். இக்கேள்வியில் நியாயம் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்பனையாகும் புது வண்டிகளுக்குப் பி.எஸ்.-6 என்ற கடுமையான விதிகள் அமலாகியுள்ளன. நாற்பது ஆண்டு வயதான எஞ்சின் எவ்வளவு செம்மையாகச் சீர்படுத்தப்பட்டாலும் அந்நிலையை எட்டாது. பெருநகரில் நாள் முழுவதும் ஓடும் பழைய வண்டிக்கு ஓய்வு கொடுப்பதை நாம் எதிர்க்கவில்லை.

ஆயினும் இரண்டு விஷயங்களை மறக்கலாகாது. தேய்ந்த கைடும் கசியும் வால்வும் உள்ள எஞ்சின் கக்கும் புகை, அதே எஞ்சின் சீர்படுத்தப்பட்ட பின் வெகுவாகக் குறைகிறது. நாளையே புது வண்டி வாங்க இயலாத பல லட்சம் பேர் இருக்கும் நாட்டில் இது அற்ப லாபமன்று. இரண்டாவது, புது எஞ்சினுக்கும் ஹெட் உண்டு; அதுவும் காயும், வளையும். சுரங்கத்திலிருந்து எடுத்த மூலப்பொருளிலிருந்து ஒரு கிலோ அலுமினியம் பிரித்தெடுக்க ஏறக்குறைய 13 முதல் 15 யூனிட் மின்சாரம் செலவாகிறது. சரியான அளவுக்குள் இருக்கும் ஹெட்டை எறிந்துவிட்டுப் புதிது வார்ப்பவர் அந்த மின்சாரத்தையும் எறிகிறார். உருகும் அளவுக்குக் காய்ந்து மென்மையாகிப் போன ஹெட்டையும், குறைந்தபட்ச உயரத்துக்குக் கீழே தேய்ந்ததையும் எறியத்தான் வேண்டும். எதை எறிவது, எதை வைப்பது என்பதை விற்பனைக்காரரின் வாய் தீர்மானிக்கலாகாது, அளவுகோல் தீர்மானிக்கட்டும்.

அளவுகள் யாருக்குச் சொந்தம்?

இங்கேதான் நம் முக்கிய விஷயத்துக்கு வருகிறோம். போல்ட்டுகளை எந்த வரிசையில் எவ்வளவு வலுவாக முறுக்குவது, ஹெட்டின் உயரம் எவ்வளவுக்குக் குறையலாகாது, வால்வு எவ்வளவு உள்ளடங்கலாம் என்ற எண்கள் எஞ்சினைச் செய்தவரிடம் இருக்கின்றன. அவற்றைத் தம் சொந்த முகவர்களுக்கு மட்டும் கொடுத்து, வெளிப் பட்டறைகளுக்கு மறைத்தால் என்ன ஆகும்? சிறு பட்டறை ஊகத்தால் பிழைக்கும். பிழை நேர்ந்ததும், "வெளியில் வேலை செய்தீர்களே" என்று வண்டிக்காரரை ஏசுவார்கள். அவர் பயந்து, சீர்படுத்தக் கூடிய ஹெட்டுக்குப் பதிலாகப் புது ஹெட்டுக்குப் பணம் கட்டுவார்.

இது வீண் சந்தேகமன்று. நம் நாட்டின் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிச் சாமான்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிச் சந்தையில் தாராளமாகக் கிடைக்க விடாமல் தடுத்தார்கள் என்பதே குற்றச்சாட்டு. கம்பெனிகள் அதன்மேல் வழக்காடின. எனினும், சுயேச்சையான பட்டறைக்கு இவை கிடைப்பது நுகர்வோரின் நலனுக்கு அவசியம் என்ற கொள்கை அன்று பகிரங்கமாக நிலைநாட்டப்பட்டது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் ராஜ்யத்தார் 2012இல் பொதுஜன வாக்கெடுப்பின் மூலமே இவ்வுரிமையைச் சட்டமாக்கிக்கொண்டார்கள். இந்தியச் சர்க்காரும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு கமிட்டி அமைத்தது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வண்டிகளும் விவசாயக் கருவிகளும் அடங்கும். அவ்வாண்டு டிசம்பரில் இதற்கென ஓர் இணையதளமும் திறக்கப்பட்டது. இது நல்ல தொடக்கமே. ஆனால் விருப்பமுள்ளவர் தகவல் தரலாம் என்று விடுவது வேறு; தகவல் தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் செய்வது வேறு. நமக்கு வேண்டியது பின்னது.

சட்டத்தோடு பயிற்சியும் வேண்டும். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கிய ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பு அதிகமின்றி யந்திரங்களைப் பிரித்துப் பார்த்தே நிபுணரானவர். 1945இல் கோயம்புத்தூரில் தொழிற்கல்வி நிலையம் அமைய முன்னின்றவரும் அவரே. கையும் கருத்தும் ஒருங்கே பழக வேண்டும் என்பதே அவர் வாழ்க்கை காட்டும் பாடம். இன்று பட்டறைப் பையன் பத்து ஆண்டுகள் குருவின் பக்கத்தில் நின்று கைப்பழக்கம் பெறுகிறான். அளவெடுக்கும் கருவியைத் தொட அவனுக்குப் பல சமயங்களில் வாய்ப்பில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவனுக்குக் கருவியின் பெயர் தெரியும். விரிசல் விட்ட ஹெட்டைக் கையால் தொட்டிருக்க மாட்டான். இவ்விருவரையும் ஒரே மேஜையில் சேர்ப்பது சர்க்காரின் கடமை. பட்டறைச் சொந்தக்காரர்களின் கடமையுங்கூட.

வண்டி வைத்திருப்பவர்களுக்கும் கடமை உண்டு. ஹெட்டைப் பட்டறைக்குக் கொடுப்பவர் திரும்ப வாங்கும்போது மூன்று எண்களை எழுதிக் கேட்க வேண்டும்: சீவுவதற்கு முன் வளைவு எவ்வளவு, சீவியது எவ்வளவு, இப்போது உயரம் எவ்வளவு. இம்மூன்றையும் ரசீதில் எழுதித் தரும் பட்டறைக்குக் கூலி சற்று அதிகமாயினும் தயங்காமல் கொடுக்க வேண்டும். எண்களைக் கேட்போர் பெருகினால் அளக்கும் பட்டறைகளும் பெருகும். அளக்கும் பட்டறைகள் பெருகினால், அளவுகளை மறைத்து வைத்திருப்போர் மேல் நிர்ப்பந்தமும் பெருகும்.

சுதேசியம் என்பது நம் நாட்டில் செய்த பொருளை வாங்குவதோடு முடிந்துவிடுவதில்லை. வாங்கிய பொருளின் உள்ளமைப்பை அறிந்து, அது பழுதுபட்ட காலத்தில் பிறர் தயவை நாடாமல் அதை மீண்டும் உழைக்கச் செய்வதும் சுதேசியமே. அத்திறமை நம் பட்டறைகளில் ஏற்கனவே இருக்கிறது. அதற்கு வேண்டிய அளவுகளை வெளிப்படுத்தும்படி சட்டம் செய்யக் கோருவது, பொதுக்காரியங்களில் ஈடுபட்டோர் தம் கூட்டங்களிலும் சட்டசபைகளிலும் இனி எழுப்ப வேண்டிய கோரிக்கையாகும்.